ரெண்டு நாலு என்றால் 24ஆ, 44ஆ?

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருக்கிறது. ஆட்டோ, குட்டியானை, தண்ணீர் லாரி, மீன் வண்டி என்று வருகிற எல்லாவற்றுக்கும் ரேடியம் வெட்டி ஒட்டுவதுதான் வேலை. சாமி பேர், பிள்ளைகள் பேர், தலைவர் படம் எல்லாம் வரும். ஆனால் தொழில் பண்ணுகிற வண்டி எதுவாக இருந்தாலும் கேட்கிற ஒன்று போன் நம்பர். பதினாறு வருஷமாகத் தினமும் நாலைந்து நம்பராவது வெட்டுகிறேன். யாராவது தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாலே இது ஊர் வாயில் நிற்குமா நிற்காதா என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நிற்காத நம்பரை வாங்கிவிட்டு அதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்பவர்கள்தான் அதிகம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறார்கள். தொழில் நம்பருக்குக் கண்ணைவிட வாயும் காதும் முக்கியம் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பா போர்டு எழுதுகிற பெயின்டர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பாதிக் கடைகளின் ஷட்டரில் அவர் கைதான். ஷட்டரில் எழுதுவது சுவரில் எழுதுகிற மாதிரி இல்லை. தகடு மேடும் பள்ளமுமாக இருக்கும், பிரஷ் ஒவ்வொரு மடிப்பிலும் இடறும். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும், அந்தக் கோட்டில் நம்பரை உட்கார வைப்பார். 8 எழுதும்போது இடுப்பு சரியாக மடிப்பில் விழக் கூடாது, விழுந்தால் இரண்டு வருஷத் தூசியில் அது 0 ஆகிவிடும் என்பார். கடைக்காரர்கள் "பேரைப் பெருசா போடுப்பா, நம்பர் கீழே சின்னதா இருந்தா போதும்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். கடை திறந்திருந்தால் ஷட்டர் மேலே சுருண்டிருக்கும், அப்போது அதில் எழுதியதை யாரும் படிக்கப் போவதில்லை. பூட்டின கடை முன்னால் வந்து நிற்கிறவனுக்குத்தான் அந்த எழுத்து, அவனுக்கு வேண்டியது நம்பர்தானே என்பார். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு, அந்தக் கணக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

இந்த விஷயம் எனக்குப் பெரிசாகப் பட்டது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில். எங்கள் பக்கம் தண்ணீர் ஏறி, கரண்ட் போய், இரண்டாம் நாள் எல்லார் போனும் அணைந்துவிட்டது. தெருமுனையில் ஒருவர் பழைய பட்டன் போன் வைத்திருந்தார், மூன்றாவது மாடிக்குப் போனால் ஒரு கோடு சிக்னல் வந்தது. வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். ராயபுரத்தில் இருக்கிற அக்கா நம்பர் எனக்குத் தெரியவில்லை. தினம் இரண்டு தடவை பேசுகிறேன், ஆனால் நான் அடிப்பது 'அக்கா' என்கிற பெயரைத்தான், நம்பரைப் பார்த்ததே கிடையாது. ஞாபகத்தில் இருந்தது நாங்கள் சின்ன வயசில் வைத்திருந்த 25-இல் ஆரம்பிக்கும் லேண்ட்லைன் மட்டும். அது சரண்டர் பண்ணி எத்தனையோ வருஷமாகிறது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, தண்ணீர் கேன் போடுகிறவர் நம்பரை மடமடவென்று அடித்தார். அந்த ஆள் டிராக்டரில் பால் பாக்கெட்டோடு வந்தார்.

போனிலேயே பேர் போட்டு வைத்துக்கொள்ளும் காலத்தில் நம்பர் எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்த மாடிப்படியைத்தான் சொல்கிறேன். புயல்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. சிக்னலில் முன்னால் நிற்கிற குட்டியானையின் பின்கதவைப் பார்க்கிறீர்கள், பச்சை விழுந்துவிடுகிறது, கையில் போனை எடுக்க நேரமில்லை. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் "சாப்பாடு யாருங்க?" என்று கேட்கிறார், உங்கள் கை குழம்பில் இருக்கிறது. நம்பர் வாயில் இருந்தால்தான் அங்கே தொழில் நடக்கும்.

அடுத்த வருஷம் அக்கா வீட்டிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பாடு ஆர்டர் எடுக்க ஆரம்பித்தாள். வஞ்சிரம் வறுவல், நண்டு மசாலா, நெத்திலிக் குழம்பு. காசிமேடு நடந்து போகிற தூரம், எங்கள் அத்தை அங்கேதான் மீன் விற்கிறார், சரக்குக்குக் கவலையில்லை. தொழிலுக்குத் தனி நம்பர் வேண்டும், சொந்த நம்பரில் எடுத்தால் ராத்திரி பன்னிரண்டுக்கும் கூப்பிடுவார்கள் என்று நான்தான் சொன்னேன். சிம் கடையில் ஏழு நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்.

அதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. மாமா ஃபேன்சி நம்பர் வாங்கலாம் என்றார். கடைசியில் மூன்று சைபர், நான்கு ஏழு என்று வருகிறவற்றுக்குத் தனி விலை உண்டு, பி.எஸ்.என்.எல். அதை ஏலத்திலேயே விடுகிறது. விலை கொடுத்து வாங்குவது தப்பில்லை. ஆனால் போனில் மெசேஜ் அனுப்பி, "சார் இந்த விஐபி நம்பர் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம், மூவாயிரம் அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்கள்" என்பவர்களிடம் ஜாக்கிரதை, என் வாடிக்கையாளர் ஒருவர் பணத்தையும் விட்டார், நம்பரும் வரவில்லை. அக்காவின் மாமியாருக்குக் கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாது. நான் அதை மறுத்துப் பேசவில்லை. மண்ணடியில் 786 கேட்கிற பாய்க்கும் அதே மரியாதைதான். தொழில் தொடங்கும்போது வீட்டுப் பெரியவர் மனசு நிறைவாக இருப்பது முக்கியம். கணக்குப்படியும் அது பெரிய தடை இல்லை. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை எண்ணாக்கினால் ஒன்று முதல் ஒன்பது வரை சமமாகத்தான் விழும், எட்டைத் தள்ளினால் ஒன்பதில் ஒரு நம்பர்தான் போகும். எங்கள் சீட்டில் ஒன்று போனது, ஆறு மீதி.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தமிழில் நம்பர் சொல்லும்போது ஒரு சிக்கல் இருக்கிறது, என் கடையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இதில் ரேடியம் வீணாகும். "ரெண்டு நாலு" என்று ஒருவர் சொன்னால் அது 24ஆ, 44ஆ? இரண்டு நான்குகள் என்றும் அர்த்தம், இரண்டுக்கு அப்புறம் நான்கு என்றும் அர்த்தம். "மூணு சைபர்" என்றால் 000, 30 இரண்டும் சரி. இப்போது நம்பர் 2 4 4 என்று முடிகிறது என்று வையுங்கள். சொல்பவர் "ரெண்டு, ரெண்டு நாலு" என்பார். எழுதுபவர் 2 2 4 என்று எழுதுவார், அல்லது 4 4 4 4 என்று எழுதிவிட்டு இலக்கம் அதிகமாகிவிட்டதே என்று விழிப்பார். சொன்னவர் மேலும் தப்பில்லை, கேட்டவர் மேலும் தப்பில்லை. அதனால் ஒரே எண் அடுத்தடுத்து வரும் இடத்துக்கு முன்னால் 2 அல்லது 3 இருக்கிற நம்பரைத் தொழிலுக்கு எடுக்காதீர்கள் என்று சொல்கிறேன். எடுத்துவிட்டால் 'டபுள்', 'ட்ரிபிள்' என்று இங்கிலீஷில் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் ஒலி. ஒண்ணு, மூணு இரண்டும் சத்தத்தில் ஒரே மாதிரிதான் கேட்கும். காசிமேடு ஏலத்தில் நின்று போனில் பேசினால் 'ண்ணு', 'ணு' என்கிற வால் மட்டும்தான் வரும். எட்டு, சைபர் இரண்டும் எந்தச் சத்தத்திலும் தனியாகத் தெரியும். சரி, இங்கிலீஷில் சொல்லிவிடலாம் என்றால் அங்கே ஃபைவும் நைனும் அண்ணன் தம்பி. விமானம் ஓட்டுகிறவர்களே ரேடியோவில் ஒன்பதை 'நைனர்' என்று வாலை நீட்டித்தான் சொல்கிறார்கள், ஃபைவோடு குழம்பக் கூடாது என்று. எங்கள் பக்கம் தெலுங்குக்காரர்கள் நிறைய, அவர்களுக்கு ஏழு 'ஏடு', ஐந்து 'ஐது', சவுகார்பேட்டை சேட்டுக்கு ஏழு 'சாத்', எட்டு 'ஆட்'. இத்தனை பேர் காதிலும் ஒரே நம்பர் விழ வேண்டும் என்றால் எந்த மொழியில் சொன்னாலும் ஒன்றோடொன்று இடிக்காத எண்களாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பரை எங்கே உடைத்துச் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. சிலர் ஐந்து ஐந்தாக, சிலர் இரண்டு இரண்டாக. நான் ஐந்து ஐந்தாக ஒட்டுகிறேன், நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு. ஜார்ஜ் மில்லர் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1956-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம், மனுஷன் ஒரே மூச்சில் பிடித்து வைத்துக்கொள்வது ஏழு விஷயம், அதில் இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். சென்னையின் பழைய லேண்ட்லைனுக்கு ஏழு இலக்கம்தான், அப்புறம் முன்னால் ஒரு 2 சேர்த்து எட்டாக்கினார்கள், எல்லாருக்கும் அதே 2 என்பதால் யாருக்கும் பாரமில்லை. மொபைலுக்குப் பத்து. ஆனால் மில்லர் இன்னொன்றும் சொல்கிறார், அந்த விஷயம் ஒரு எழுத்தாகவும் இருக்கலாம், பழக்கப்பட்ட ஒரு கட்டாகவும் இருக்கலாம். 98400, 98410 இரண்டும் சென்னைக்கு செல்போன் வந்த புதிதில் இருந்த வரிசைகள். அதில் ஆரம்பிக்கிற நம்பரை இங்கே யாரும் ஐந்து இலக்கமாகக் கேட்பதில்லை, ஒரே வார்த்தையாகக் கேட்கிறார்கள். மீதி ஐந்துதான் பாரம். அப்படி ஒரு நம்பர் அப்பாவிடமோ மாமாவிடமோ சும்மா கிடந்தால், புதுசு வாங்காமல் அதை உங்கள் பேருக்கு மாற்றித் தொழிலுக்கு வையுங்கள்.

நல்ல நம்பருக்கு ஒரு உதாரணம் கேட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் நம்பரைச் சொல்வேன். 2021 ஜூனில் வந்தது, 94987 94987. கரண்ட் போன இருட்டில், வேர்வையில், குழந்தை அழும்போது ஞாபகம் வர வேண்டிய நம்பர் அது. பாதியைத் தெரிந்தால் முழுசும் தெரியும். அடுத்தடுத்து ஒரே எண் இல்லை, 'ரெண்டு நாலு' குழப்பத்துக்கு இடமே இல்லை. இதை யோசித்து எடுத்தவரை எங்கேயாவது பார்த்தால் கை கொடுப்பேன். 108-ம் அப்படித்தான், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே கோயிலில் 108 சுற்றியவர்களுக்கு அதைப் புதுசாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

மிச்சமிருந்த ஆறு நம்பரையும் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் சோதித்தேன். வண்டிக்காரரிடம் ஒரு நம்பரை ஒரே தடவை சொல்வேன். அவருடைய ஸ்டிக்கரை வெட்டி, பழசைச் சுரண்டி, துடைத்து, ஒட்ட இருபது நிமிஷம் ஆகும். கிளம்பும்போது "அண்ணே, அந்த நம்பர் என்ன?" என்று கேட்பேன். முழுசும் சொன்னவர்கள் கம்மி, கடைசி நான்கைச் சொன்னாலே பாஸ் என்று வைத்துக்கொண்டேன். மாமாவுக்குப் பிடித்த, மூன்று சைபரில் முடிகிற நம்பர்தான் முதலில் வெளியே போனது. சைபர் இருக்கிறது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, இரண்டா மூன்றா என்பது பாதிப் பேருக்கு இல்லை. கடைசியில் 2580 என்று முடிகிற நம்பர் ஒன்று இருந்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. "ரெண்டு அஞ்சு" என்றால் 55 என்று எடுத்துக்கொள்வார்களே என்று பென்சிலால் ஒரு கோடுகூடப் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு அத்தை அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடுப்பில் ஒரு பட்டன் போன், அதில் ஒரு பேரும் சேவ் பண்ணவில்லை, ஆனால் ஐஸ்காரர், மீன்பாடி வண்டிக்காரர், வட்டிக்காரர், மூன்று பிள்ளைகள் என்று இருபது நம்பராவது போடுவார். எப்படி என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போனைப் பார்க்கவே இல்லை, கண் வாசலில் இருந்தது. செதில் ஒட்டிய கட்டைவிரல் மட்டும் பட்டன் மேல் நடந்தது, மேலே, குறுக்கே, கீழே, மறுபடி அதே இடம், டக் டக் என்று. "நம்பர் இன்னான்னு எனக்கு இன்னா தெரியும் கண்ணு, வெரலு போற வழி தெரியும்" என்றார். ஆறு நம்பரையும் ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னோம். 2580 வந்ததும் சட்டென்று "இது சூப்பரா கீதே" என்றார். "ஓரத்துல ரெண்டு தபா குத்து, குறுக்கால போ, அப்புறம் நடுவுல நேரா கெணத்துல வாளி எறங்குற மாரி எறங்கிடுது பாரு." கீபேடைப் பாருங்கள், நடு வரிசையில் 2, 5, 8, 0 மேலிருந்து கீழே ஒரே கோடு. பதினாறு வருஷம் நம்பர் வெட்டியும் எனக்குத் தோன்றாதது அது. எழுத்தைப் படிப்பவனுக்காகவே நான் யோசித்துக்கொண்டிருந்தேன், விரலால் படிக்கிறவர்கள் எங்கள் கடற்கரையில் எத்தனை பேர்!

'ரெண்டு' சிக்கலை அக்காவே தீர்த்துவிட்டாள். "இருபத்தஞ்சு, எட்டு, சைபர்னு சொன்னா போச்சு" என்றாள். இருபத்தஞ்சை 55 என்று யாரும் எடுக்க முடியாது. கடைசியை எண்பது என்று சொல்லாமல் எட்டு, சைபர் என்று பிரித்ததும் நல்லதுதான், வாயில் எம்பது, அம்பது இரண்டும் ஒன்றாகிவிடும். அதையே எடுத்தோம். மாமியார் கூட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

நம்பர் கையில் வந்த அன்றே போர்டு எழுதவில்லை, ஒரு மாசம் காத்திருந்தோம். இதையும் எல்லாரிடமும் சொல்கிறேன். ஒருத்தர் விட்ட நம்பரைத்தான் குறைந்தது 90 நாள் சும்மா வைத்துவிட்டு இன்னொருத்தருக்குக் கொடுக்கிறார்கள். புது நம்பர் என்று வாங்கினால் பழைய ஆளின் லோன் வசூல்காரர்கள் உங்களைத் திட்டுவார்கள், அவர் பேர் அடுத்தவர் போனில் இன்னும் வரும். சாப்பாடு ஆர்டர் பண்ணக் கூப்பிடுகிறவருக்கு வேறு யாரோ பேர் தெரிந்தால் வைத்துவிடுவார். எங்களுக்கு ஒரு ஸ்கூல் வேன் டிரைவரைக் கேட்டு நாலு கால் வந்தது, அவ்வளவுதான், தப்பித்தோம்.

சிம் யார் பேரில் இருக்கிறது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். என்னிடம் வருகிற ஷாமியானாக்காரர் ஒருவர் தன் மச்சான் பேரில் சிம் வாங்கி, பன்னிரண்டு வருஷம் தொழில் பண்ணி, மணலியிலிருந்து மாதவரம் வரை சுவரில் எழுதி வைத்தார். இருவருக்கும் சண்டை வந்தபோது மச்சான் சிம்மை பிளாக் பண்ணி டூப்ளிகேட் வாங்கிக்கொண்டார். இப்போதும் அந்தச் சுவரெல்லாம் மச்சானுக்குத்தான் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் சரியில்லை என்றால் நம்பரை மாற்ற வேண்டியதில்லை, 2011 ஜனவரியிலிருந்தே நாடு முழுக்க அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போகலாம், 1900-க்கு ஒரு மெசேஜ்தான். 2018-இல் ஒரு கம்பெனி மூடியபோது "பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்கள் நம்பரையே இழந்தார்கள், அந்த மாசம் நான் வெட்டிய புது நம்பர்களில் பாதி அவர்களுடையது, ஒட்டும்போது பலர் பேசவே இல்லை.

அக்காவும் ஒரு தடவை தவறவிடப் பார்த்தாள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல மீன் விலை ஏறிவிடும், ஆர்டர் குறைந்துவிடும். "ரெண்டு மாசம்தானே, எதுக்கு ரீசார்ஜ்" என்றாள். ரீசார்ஜ் முடிந்தால் கூப்பிடுகிறவருக்கு நீ இல்லை என்றுதான் அர்த்தம், தடைக்காலத்தில் கோழி போடு, எறா தொக்கு போடு, ஆனால் மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நானே போய் போட்டுவிட்டேன்.

இப்போது அவளுக்கு ஞாயிறு ஆர்டர் கை கொள்ளாத அளவுக்கு வருகிறது, அதனால் முழு நம்பரையும் இங்கே போடவில்லை. மாமா ஸ்கூட்டரின் பின்னால் மஞ்சள் ரேடியத்தில் நான்தான் ஒட்டினேன். 1 மெலிசாக இருப்பதால் தண்ணீர் அடித்துக் கழுவும்போது அதுதான் முதலில் உரியும், அதை மட்டும் கொஞ்சம் தடிமனாக வெட்டினேன்.

போன மாசம் விடியற்காலை நாலரைக்கு அத்தையைப் பார்க்கக் காசிமேடு போயிருந்தேன். அண்ணாநகரிலிருந்து வந்த ஒருவர் மூன்று கிலோ நண்டு வாங்கிவிட்டு, இதை வீட்டில் யாருக்கும் சுத்தம் பண்ணத் தெரியாது, சமைத்துக் கொடுக்க ஆள் இருக்கா என்று கேட்டார். பின்னால் ஏலம் கத்திக்கொண்டிருந்தது, நான் வாயைத் திறந்து நம்பரைச் சொல்லப் போனேன். அத்தை அதற்குள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "போனைக் குடு நைனா" என்று அவர் போனை வாங்கி, நண்டைப் பார்த்துக்கொண்டே அடித்து, ரிங் போனதும் அவர் காதில் வைத்தார்.